பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்ல வேண்டிய சேதி

ஒரு சேதியை ஒரு பெண்ணிடம் எடுத்துச் சொல்லும்படி டாக்டரம்மா என்னிடம் ஒப்படைத்தார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கணவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து உண்டான பிள்ளை என்பதால் மாதம் தவறாமல் செக்கப்புக்குப் போனேன். போளூர் ரோட்டில் ஒரு லேடி டாக்டர் தன் வீட்டின் முன்பாதியில் சின்னதாக ஆஸ்பத்திரி நடத்தினார். ஆறு கட்டில், ஓர் ஆபரேஷன் அறை, ஒரு நர்ஸ், ஓர் ஆயா. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த டாக்டரம்மா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை.

வலி எடுத்து ஒரு முழு நாள் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்றார்கள். கணவர் கையெழுத்துப் போட்டார். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கிறார்கள் என்றால் அன்றைக்கு வாசலில் நிற்பவர்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். என் அக்காவும் அழுதாளாம். எனக்கு எதுவும் தெரியாது. கண் விழித்தபோது நாக்கு வறண்டு, தொப்புளுக்குக் கீழே கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரிந்தது.

"பொண்ணு. நல்லாருக்கா" என்றாள் அக்கா.

நாலாம் நாள் எனக்குக் குளிர்ஜுரம் கண்டது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்கிச் சீழ் பிடித்துவிட்டது. நர்ஸ் தினமும் காலையில் வந்து கட்டைப் பிரித்துச் சீழை எடுப்பாள். அந்த நேரத்தில் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும். மார்பில் பால் என்று எதுவும் ஊறவில்லை. குழந்தைக்குப் பால் பவுடரைக் கரைத்துச் சங்கில் புகட்டினார்கள். அது ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கியது. பேதியும் ஆனது. இரண்டே நாளில் முகம் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். இருபது வயது இருக்கும். டவுனிலேயே இலவம்பஞ்சு மெத்தை தைத்து விற்கிறவருடைய மனைவி. எனக்கு ஆபரேஷன் நடந்து இரண்டு நாள் கழித்து அவளைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்ததை யாரும் கண்டுபிடிக்காமல், தாய் வீட்டில் வைத்தே இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். இங்கே வயிற்றைத் திறந்து எடுத்தபோது ஆண் குழந்தை உயிரோடுதான் இருந்தது. மறுநாள் காலையில் இறந்துவிட்டது.

அவளுக்கும் என்னைப் போலவே வயிற்றில் கட்டு. இருமல் வந்தால் இரண்டு பேரும் தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொள்வோம். அவள் யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. ஆயா மல்லிகைப்பூவை வாங்கி வந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பார்கள். ஆனால் என் குழந்தை முனகும்போதெல்லாம் அந்தக் கட்டுத் துணியையும் மீறி அவள் ரவிக்கை நனைந்தது. நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அக்காதான் கேட்டாள். "தப்பா நெனைக்காதம்மா. புள்ள செத்துடும் போலருக்கு. ஒரு வேளை குடுப்பியா?"

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் அவள் கணவர் நின்றிருந்தார். பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"பசிச்ச புள்ளதான, குடு" என்றார் அவர். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துபோய்விட்டார்.

அவளால் எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, அக்கா குழந்தையை அவளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தை முதலில் தேடியது. பிறகு பிடித்துக்கொண்டது. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு சத்தம் போட்டு அழுதது அப்போதுதான். அழுதுகொண்டே பால் கொடுத்தாள். நான் ஜுரத்தில் அரைக்கண் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு நன்றியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படி எட்டு நாள். குழந்தையின் முகம் நிரம்பியது. பேதி நின்றது. அவளும் பேச ஆரம்பித்தாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். "எங்க முறையில பால் குடுத்துட்டா அது நம்ம புள்ளதாங்க்கா. நாளைக்கு எனக்குப் புள்ள பொறந்தா இவளுக்கு அது கூடப் பொறந்த மாதிரி" என்று ஒரு நாள் சொன்னாள். நான் சிரித்தேன். எனக்கு ஜுரம் குறையக் குறைய அந்த வார்த்தை உள்ளே போய் உறுத்த ஆரம்பித்தது. நம்ம புள்ள என்றால்? நாளைக்கு வந்து கேட்பாளா? குழந்தைக்குத் துணி மாற்றுவதும் அவள், தூங்க வைப்பதும் அவள். நான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பெற்றுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை டாக்டரம்மா என் கட்டைப் பார்த்துவிட்டு, சீழ் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்றார். பக்கத்துக் கட்டிலில் அவள் இல்லை. ஆயா அவளைப் பின்பக்கம் அழைத்துப் போயிருந்தாள். டாக்டரம்மா என் கட்டிலோரம் நின்று தணிந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், நீங்க ஒரு உதவி பண்ணணும். அந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில மேல் பக்கமா கிழிக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த புள்ளைக்கு அவளுக்கு வலி எடுக்கவே விடக் கூடாது. ஒம்பதாம் மாசம் பொறந்ததும் இங்க வந்து படுத்துடணும். வீட்ல வச்சுப் பாத்தா தையல் பிரிஞ்சு உயிருக்கே ஆபத்து. ரெண்டு வருஷத்துக்கு உண்டாகவும் கூடாது. நான் சொல்ல ஆரம்பிச்சாலே அழறா, எதுவும் காதுல ஏறல. சீட்டுல எழுதித் தரேன், ஆனா அது இங்கிலீஷ்ல இருக்கும். உங்ககிட்டதான் அவ பேசறா. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. வீட்டுக்காரர் வந்தா அவருக்கும் சொல்லிடுங்க."

"சரிங்க டாக்டர். நான் சொல்லிடறேன்" என்றேன்.

அன்று மத்தியானம் எனக்கு மார்பில் லேசாக ஈரம் தெரிந்தது. ஆசையாக இருந்தது. அக்காவிடம் குழந்தையை வாங்கி மார்பில் வைத்தேன். குழந்தை ஒரு வாய் சப்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே கத்தல். பக்கத்துக் கட்டிலில் அவள் ஒருக்களித்துப் படுத்துச் சிரித்தாள்.

"இங்க குடுங்க்கா. அவளுக்கு என் வாசனதான் புடிச்சிருக்குது."

அவளுடைய குணத்துக்கு அதில் விளையாட்டைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது. குழந்தை செத்துப் பத்து நாள் ஆன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. எனக்கோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நர்ஸைக் கூப்பிட்டு, இங்கே காற்று வரவில்லை, என் கட்டிலை அந்தக் கோடியில் போடுங்கள் என்றேன். போட்டார்கள். சாயங்காலம் அவள் வயிற்றைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து என் கட்டில் வரைக்கும் நடந்து வந்தாள்.

"பால் குடுக்கிற நேரம் ஆயிடுச்சேக்கா."

"இனிமே புட்டிப்பாலே போதும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

குழந்தையின் காலை ஒரு தடவை தொட்டாள். திரும்பிப் போனாள். ஆயா மறுபடியும் பூ வாங்கி வந்தாள்.

சொல்ல வேண்டிய சேதி என்னிடமே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவளிடம் பேச ஆரம்பித்தால் குழந்தையைக் கேட்பாள் என்று பயம். மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தூங்கறாங்க" என்று அவள் யாரிடமோ மெல்லச் சொன்னது கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம். குழந்தை தேறிவிட்டது. லீவு முடிந்து நான் பள்ளிக்குப் போனபோது அக்கா எங்களோடேயே இருந்து பார்த்துக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்து அவள் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். குழந்தைக்காகத் தானே தைத்த ஒரு சின்ன மெத்தையும் உள்ளங்கை அளவுத் தலையணையும் கொண்டுவந்தாள். நான் உள்ளறையில் இருந்துகொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். அக்கா அப்படியே சொன்னாள். குழந்தை உள்ளே குரல் கொடுத்தது. அதை அவள் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மெத்தையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருடம் ரம்ஜானுக்கு இனிப்பு கொண்டுவந்தாள். அப்போதும் இல்லை என்றோம்.

மூன்றாவது தடவை வந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. சனிக்கிழமை. ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியிருந்தாள். போர்த்தியும் வயிறு தெரிந்தது. ஏழு மாதம் இருக்கும்.

"டீச்சரக்காவப் பாக்கணும். டாக்டரு குடுத்த சீட்டு ஒண்ணு. இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுவாங்கன்னு வந்தேன்" என்றாள் அக்காவிடம்.

அக்கா உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "பாவம்டி. படிச்சுச் சொல்லிட்டு அனுப்பிடேன்" என்றாள்.

அது என்ன சீட்டு என்று எனக்குத் தெரியும். படிக்காமலே ஒவ்வொரு வரியையும் சொல்லியிருப்பேன். ஆனால் கதவைத் திறந்தால் இரண்டு வருடமாக ஒளிந்துகொண்டிருந்தது தெரிந்துவிடும். என் மகள் அவள் மடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரி பக்கத்திலேதானே இருக்கிறது, டாக்டரிடமே போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"அவ வெளியூர் போயிருக்காம்மா" என்றாள் அக்கா.

"எப்ப வருவாங்க?"

"தெரியலியே."

அவள் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு தெருவில் மெதுவாக நடந்து போனாள். திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடிப்போய்க் கூப்பிட்டிருந்தாலும் காலதாமதம் ஆகியிருக்காது.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் நான் மறுபடியும் உண்டானேன். நாலாம் மாதம் செக்கப்புக்குப் போனேன். டாக்டரம்மா என் வயிற்றுத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை வலிக்குக் காத்திருக்க வேண்டாம், நாள் பார்த்து எடுத்துவிடலாம் என்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"உங்க பக்கத்துக் கட்டில்ல இருந்துதே ஒரு முஸ்லிம் பொண்ணு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"போன வருஷம் செங்கம் பக்கத்துல அம்மா வீட்ல வச்சுப் பிரசவம் பாத்திருக்காங்க. காலையில வலி எடுத்திருக்கு. மத்தியானம் திடீர்னு வலி நின்னுபோச்சாம். நல்லதுன்னு நெனச்சுட்டாங்க. உள்ள தையல் பிரிஞ்சு கர்ப்பப்பை கிழிஞ்சுபோயிருக்கு. மல்லாட்டை மூட்டை ஏத்தின லாரியில போட்டுக் கொண்டாந்தாங்க. புள்ள உள்ளயே போயிடுச்சு. கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவளைப் பிழைக்க வச்சேன்." துவாலையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் டீச்சர், நீங்க அவகிட்ட சொன்னீங்கல்ல?"

"சொன்னேன் டாக்டர்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் வந்துவிட்டது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்களே" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன்.

ஒன்பதாம் மாதம் எனக்கு நாள் குறித்து ஆபரேஷன் செய்தார்கள். ஆண் குழந்தை. ஜுரம் இல்லை, சீழ் இல்லை. இரண்டாம் நாளே குழந்தை என்னிடம் பால் குடித்தது. அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்த அதே யோசனைதான் என்னையும் என் மகனையும் காப்பாற்றியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நான் அழுவதை ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்தார்கள்.

கணவரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. நீயா புள்ளயக் கொன்ன? மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டே மூன்று வருடம் ஓட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவள் உள்ளே போயிருக்க, நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முதல் பிள்ளையை ஆபரேஷனில் பெற்ற ஒரு பெண், இரண்டாவதை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போவதாக ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயா அவளுக்குப் புத்தி சொன்னாள்.

"அப்டி மட்டும் செஞ்சுடாத கண்ணு. இங்க ஒரு மெத்தக்கடைக்காரரு பொஞ்சாதி இருந்தா. டாக்டரம்மா ஒரு டீச்சர வச்சு வார்த்தை வார்த்தையா சொல்லி அனுப்புனாங்க. கேக்கல. திமிரு. புள்ளயும் போச்சு, கர்ப்பப்பையும் போச்சு. டாக்டரம்மாவே எல்லார்கிட்டயும் அவ கதையத்தான் சொல்றாங்க."

அந்தப் பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள். சொல்லியும் கேட்காத திமிர் பிடித்தவள் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகளுக்கெல்லாம் அவளைப் பாடமாக வைத்திருந்தார்கள். என்னுடைய ஒரு வார்த்தையில் பிறந்த கதை. ஆயாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உடன் வந்த டீச்சரை வீட்டில் விட்டுவிட்டு, மசூதித் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்தில் விசாரித்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

தரையில் மெத்தையை விரித்துப் போட்டு, நீள ஊசியால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊசியைக் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அக்கா! வாங்க்கா. புள்ள எங்க? கூட்டினு வரலியா?"

அந்த வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. உட்காராமல் நின்றபடியே சொன்னேன். டாக்டர் என்ன சொல்லச் சொன்னார், எந்த நாள் சொல்லச் சொன்னார், ஏன் சொல்லவில்லை, மூன்று தடவையும் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொன்னது, கடைசியாக டாக்டர் கேட்டபோது சொன்னேன் என்று பொய் சொன்னது. பாதியில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தேன்.

அவள் என்னைப் பார்க்காமல் மெத்தையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க உள்ள இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "புள்ள சத்தம் கேட்டுச்சு. முறுக்கிக்கிட்டு இருக்காங்க, போவப் போவ சரியாப்பூடும்னு நெனச்சேன். அந்தச் சீட்ட பஸ்ல ஒருத்தர்கிட்ட குடுத்தேன். அவரு மருந்துச் சீட்டுன்னுட்டாரு." பிறகு கேட்டாள். "ஏன் சொல்லல? நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?"

"என் புள்ள உன்கிட்டயே இருந்துச்சு. எங்கிட்ட வரல. அதான்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் அவளுக்கும் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவள் அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"எங்க வூட்டுக்காரரு என்கூட சரியாப் பேசறதில்ல, தெரியுமா? டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வந்து, ஒனக்கு டாக்டரு டீச்சர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க, நீ மறைச்சிட்ட, அம்மா வூட்டுக்குப் போவணும்னு ஆசப்பட்டு எம்புள்ளயக் கொன்னுட்டன்னு சொன்னாரு. டீச்சரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலன்னு நானும் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். டீச்சரு பொய் சொல்வாங்களான்னு கேட்டாரு." அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கடையிலதான் இருக்காரு. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் பஞ்சைக் கொட்டிக் கோலால் அடித்துக்கொண்டிருந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. வேலையாட்கள் இரண்டு பேரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கோலைக் கையிலேயே வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்ன தோணுதோ சொல்லுங்க. திட்டுங்க" என்றேன்.

"உங்களத் திட்டி இன்னா ஆவப்போவுது, டீச்சர்" என்றார். "அவ சத்தியம் பண்ணா. குரான் மேல கை வச்சு சத்தியம் பண்ணா. நான் நம்பல. படிச்சவங்க சொன்னதத்தான் நம்பினேன்." கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, சட்டையைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அங்கிருந்து டாக்டரம்மாவிடம் போய் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். "அவகிட்ட நான் நேரா சொல்லியிருக்கணும். அழுதா அழட்டும்னு உக்கார வச்சு சொல்லியிருக்கணும். உங்க தலையில கட்டினது என் தப்பு" என்றார். என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயாவைக் கூப்பிட்டு, அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நான் கும்பிட்டேன். அவர் பார்க்காத மாதிரி அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எழுதும் சீட்டைத் தமிழில் எழுதி, வீட்டுக்காரரையும் உட்கார வைத்து நர்ஸ் படித்துக்காட்டினாள் என்று கேள்விப்பட்டேன். என்னை டாக்டரம்மா அப்புறம் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. நீங்க, வாங்க, அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கழித்து மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனேன். மன்னிப்பு கேட்கவா, திட்டு வாங்கவா என்று எனக்கே தெரியவில்லை. அவள் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அவர் பேசறாரா?" என்று கேட்டேன்.

"பேசறாரு. அழறாரு. அதையும் நான்தான் பாத்துக்கணும்." பிறகு சொன்னாள், "இனிமே நீங்க இங்க வராதீங்க."

"சரி."

"புள்ளய அனுப்புங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஸ்கூல் வுட்டதும் அனுப்புங்க. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அனுப்பிடறேன்."

இதைத் தண்டனை என்று சொன்னால் தப்பாகிவிடும். கேட்க உரிமையுள்ள ஒன்றை அவள் கேட்டாள். ஆனால் அந்த முதல் வெள்ளிக்கிழமை மகளுக்குத் தலை பின்னிவிடும்போது பின்னலை மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் போட்டேன். "நீ சின்னக் குழந்தையா இருக்கும்போது உனக்குப் பால் குடுத்தவங்க. அம்மான்னு கூப்பிடு" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். சந்து முனையில் சோடாக் கடைப் பக்கம் நின்றுகொண்டு அவளை மட்டும் அனுப்பினேன். ஆறு வயதுக் குழந்தை, பயப்படும் என்று நினைத்தேன். பயப்படவில்லை. கதவு திறந்தது, உள்ளே போனாள், கதவு மூடியது. நான் எட்டு மணி வரைக்கும் அந்த முனையிலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது அவள் கையில் வளையல் இருந்தது. என்ன சாப்பிட்டாய், என்ன பேசினாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று நினைத்தேன். குழந்தை தானாகச் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் பஞ்சு மூட்டை மேல் தூக்கிப் போட்டு விளையாடினாராம். அந்த அம்மா ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தாராம்.

அப்படி ஏழெட்டு வருடம் போனது. கொஞ்சம் பெரியவளானதும் அவளே தனியாகப் போனாள். ஒரு தடவை மகளுக்கு மஞ்சள் காமாலை கண்டு இரண்டு வாரம் படுத்திருந்தபோது அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா கதவைத் திறந்து விலகி நின்றாள். அந்தப் பெண் நேரே உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். என்னோடும் பேசினாள். கஞ்சியில் உப்பு ஜாஸ்தி, கம்மியாப் போடுங்க என்றாள். அடுத்த நாளும் வந்தாள். மகள் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் வருவதை நிறுத்திவிட்டாள்.

மகளுக்குப் பதினாலு வயது ஆனபோது கேட்டாள். "நீ ஏம்மா அவங்க வீட்டுக்குள்ள வர மாட்டேங்கற? அவங்க முஸ்லிம்னா?"

என்னை அப்படி நினைத்துவிட்டாளே என்று ஒரு பக்கம் இருந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன். அந்தக் காரணத்தில்கூட இந்த அளவு வெட்கம் இல்லை. ஆனால் என்னிடம் இன்னொரு பொய்க்குத் தெம்பு இல்லை. உட்கார வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். வெள்ளிக்கிழமைகூட இல்லை அன்று.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

"அவங்ககிட்ட கேட்டேன்" என்றாள். "எல்லாம் நிஜம்தான்னு சொன்னாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உன்னத் திட்டல. தோசை சுட்டுக் குடுத்தாங்க. சாப்ட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கும் தட்டு எடுத்து வைத்தாள், தம்பிக்கும் வைத்தாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் முன்னறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.